மாத்திரை வாங்கித் தந்தால் போதுமா?

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா? விழுப்புரமோ திண்டிவனமோ, ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடென்றால் அநேகமாக இருக்கும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன டாக்டர் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்ட லேப் ரிப்போர்ட்டுகள்... கூடவே மகனோ மகளோ ஆசையாக வாங்கிக் கொடுத்த சர்க்கரை பார்க்கும் மெஷின். அதில் செருகுகிற பட்டையின் தேதி முடிந்து எத்தனை மாசம் ஆச்சு என்று யாருக்கும் தெரியாது!

இப்போது ஒரு கேள்வி. அப்பாவுக்குக் கடைசியாகப் பார்த்த பி.பி. எவ்வளவு? அம்மாவின் சர்க்கரை அளவு என்ன?

"காலைல ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு மஞ்சள் மாத்திரை போடறாங்க" என்று உடனே சொல்லி விடுவீர்கள். ஆனால் அந்த எண்? அது மட்டும் தெரியாது. மாத்திரையின் நிறம் தெரிகிற நமக்கு, அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்பது தெரியவில்லை. பிரச்னையே இங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் காய்ச்சல் மாதிரி வந்து போகிற விருந்தாளிகள் அல்ல. வந்தால் நம்மோடேயே குடியிருக்கப் போகிறவை. குடியிருப்பவரிடம் மாதாமாதம் கணக்குப் பார்க்க வேண்டாமா? நம் நடுத்தரக் குடும்பங்களில் மாத்திரைக்குச் செலவு செய்ய ஆள் இருக்கிறது. கணக்கு கேட்கத்தான் ஆள் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வாசலுக்கு வந்த கேள்வி

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிறகு விழுப்புரம் உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பி.பி. மெஷினும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கையில் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பரிசோதிப்பது, நோய் இருப்பவருக்கு மாதாந்திர மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்கள் வேலை. நடக்க முடியாதவர்களுக்காகப் பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வீட்டுக்குப் போனார்கள். 2024 செப்டம்பரில் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

இதிலே மாத்திரை கொடுத்ததைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். என் கணக்கில் பெரிய விஷயம் வேறு. "ஆயா, போன மாசம் குடுத்தது தீர்ந்துபோச்சா? மிச்சம் இருக்கா? கையை நீட்டு, பி.பி. பாத்துடலாம்" என்று கேட்க ஒரு மனுஷி வாசலுக்கு வந்தாளே, அதுதான் பெரிசு. அட்டையில் மாத்திரை மிச்சம் இருந்தால், 'ஆயா சரியா போடறதில்லை' என்பது அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடும்.

ஆனால் கேட் போட்ட வீடுகளில் என்ன நடக்கிறது? "அதெல்லாம் வேணாம்மா, நாங்க பிரைவேட்ல பாக்கறோம்" என்று வாசலிலேயே அனுப்பி விடுகிறோம். சரி, பிரைவேட்டில் பார்க்கிறோம். எத்தனை முறை? ரொம்ப ஒழுங்கானவர் என்றால்கூட மாதம் ஒரு தடவை. டாக்டர் எதிரில் உட்காருவது பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 120 நிமிஷம், அதாவது 2 மணி நேரம். ஒரு வருஷத்தில் இருப்பதோ 8,760 மணி நேரம். மீதி 8,758 மணி நேரமும் நோயாளி நம் வீட்டில்தான் இருக்கிறார். நம் சமையலைத்தான் சாப்பிடுகிறார். அப்படியானால் இந்த நோயைக் கவனிக்க வேண்டியது டாக்டரா, குடும்பமா? நீங்களே சொல்லுங்கள்.

கட்டுப்பாடு என்பது வேறு

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வுப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31.5 கோடி. இந்த எண்களைப் பார்த்து 'அடேயப்பா' என்று வாய் பிளக்கிறோம். எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொரு கணக்கு.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்தது 100-க்கு 11 பேருக்கு. 2023-24-ல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் இரண்டுமே சுமார் 17 ஆக உயர்ந்தன. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் 83 பேர்? அவர்களில் சிலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் தெரிந்தும் மருந்து எடுக்கவில்லை. இன்னும் சிலர் மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் எண் மட்டும் இறங்கவில்லை! நம் வீட்டு அப்பா அம்மாக்கள் பலர் இந்த மூன்றாவது வகை.

எண் கொஞ்சம் இறங்கினால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1998-ல் வெளிவந்தது. ரத்த அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்திய குழுவுக்கு சராசரி 144/82. அவ்வளவு கறாராகப் பார்க்காத குழுவுக்கு 154/87. மேல் எண்ணில் வித்தியாசம் வெறும் பத்து! அந்தப் பத்துக்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்திருந்தது. வாய் கோணி, கை கால் விழுந்து படுக்கையில் கிடப்பதற்கும், காலையில் எழுந்து தானே பால் வாங்கி வருவதற்கும் நடுவில் நிற்பது அந்தப் பத்து எண்தான்.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. திண்டிவனத்துக்குக் கிழக்கே, செய்யூர் வட்டத்தில் சூனாம்பேடு. 2006 முதல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கேயும் சுற்றியுள்ள கிராமங்களிலுமாக 42 ஊர்களில் வேலை செய்தார்கள். இஸ்ரோ செயற்கைக்கோள் வசதியோடு ஒரு வேன். அதிலேயே கண்ணின் விழித்திரையைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போனவர்கள் உள்ளூர் ஆட்கள். இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி எண், ஒரே வருஷத்தில் சராசரியாக 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. மேல்சிகிச்சைக்காகச் சென்னை போக வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வேனும் செயற்கைக்கோளும் உதவின, சரி. அதோடு தெரிந்த முகம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து விசாரித்ததற்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஏன் விட்டுப் போகிறது?

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. அவரவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலியே!" இது முதல் நியாயம். தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை, எதற்கு மாத்திரை? ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் சத்தமே போடாது. 180-ல் இருக்கும்போதும் ஒருவர் திண்டிவனம் மேம்பாலத்தடியில் நின்று பஸ் ஏறிச் சென்னை போய் வந்துவிடுவார். உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால், அது சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

"நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." இது இரண்டாவது. குடை பிடித்ததால் நனையவில்லை. 'நனையவில்லையே' என்று மழையிலேயே குடையை மடக்கினால்? மாத்திரை போடுவதால்தான் எண் நார்மலாக இருக்கிறது. குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மூன்றாவது, திருவிழாவும் பயணமும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனால் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்துத் திரும்ப விடிந்துவிடும். மயிலம் பங்குனி உத்திரம், சொந்தத்தில் கல்யாணம், சென்னையில் மகன் வீட்டில் நாலு நாள்... டப்பா மட்டும் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கும்! கைப்பையில் மூன்று நாள் மாத்திரை எப்போதும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நாலாவது, நாலு டாக்டர். விழுப்புரத்தில் ஒருவர், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, பாண்டிச்சேரி ஜிப்மரில் ஒரு சீட்டு, சென்னையில் மருமகன் கூட்டிப்போன ஸ்பெஷலிஸ்ட் ஒருவர். நால்வரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை உள்ளே போகும், இல்லையென்றால் எதுவுமே போகாது. எங்கே போனாலும் எல்லாச் சீட்டையும், எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாலிருந்து ஐயா விரதம்! இனிப்பு கிடையாது, சோறு பாதி. ரிப்போர்ட் பிரமாதமாக வரும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற பையன் கதைதான். யாரை ஏமாற்றுகிறோம்? இதற்குத்தான் எச்பிஏ1சி பரிசோதனை. மூன்று மாசக் கதையை அது அப்படியே சொல்லிவிடும்.

போலீஸ் வேலை வேண்டாம்

சரி, வீட்டில் கணக்கு கேட்க வேண்டும் என்றேன். எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம்.

சென்னையிலிருந்து மகள் தினமும் போன் செய்கிறாள். "மாத்திரை போட்டீங்களாப்பா?" "போட்டேம்மா." முடிந்தது! இந்தக் கேள்விக்கு வேறு பதிலே வராது. அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சுப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம், சொன்னால் திட்ட மாட்டாள் என்ற தைரியம் அப்பாவுக்கு வரும். "செவ்வாய்க்கிழமை ராத்திரி மறந்துட்டேன்மா" என்று உண்மை வெளியே வரும். அடுத்த கேள்வி, "பி.பி. எவ்வளவு காட்டுச்சு?"

பேரன் பேத்தி எதிரில், "உங்களுக்கு சுகர் இருக்குல்ல, லட்டு எதுக்கு?" என்று தட்டைப் பிடுங்காதீர்கள். மானஸ்தர்கள் ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்து விடுவார்கள். ஒளித்துச் சாப்பிடுவது கணக்கில் வராது. அதுதான் ஆபத்து.

முக்கியமாக ஒன்று. அப்பாவின் மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்து வைக்கிற அம்மாவுக்கு யார் எடுத்து வைக்கிறார்கள்? "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அடுப்படியிலேயே நிற்கிறவருக்கு பி.பி. பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? கிராமத்துக்கு வந்த அந்தத் தன்னார்வலர் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய கையையும் நீட்டச் சொன்னாள். நாமும் அப்படியே செய்யலாமே.

ஒரு நாற்பது பக்க நோட்டு

பெரிய செலவு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், அதில் நாலு கட்டம்: தேதி, பி.பி., சர்க்கரை, விட்டுப்போன வேளை. பி.பி.யை வாரம் ஒரு நாளாவது, ஒரே நேரத்தில் பாருங்கள். சர்க்கரையை டாக்டர் சொன்ன இடைவெளியில்.

பார்க்கிற முறை முக்கியம். காபி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். சட்டைக் கைக்கு மேல் சுற்றக் கூடாது. கை, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் எடுக்கிற அளவு அடிக்கடி 135/85-க்கு மேலே நின்றால் டாக்டரிடம் நோட்டோடு போங்கள். சர்க்கரை பார்ப்பதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மெஷின் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும்!

எந்த எண் சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாற்பது வயதுக்காரருக்கு உள்ள இலக்கு எண்பது வயதுப் பாட்டிக்குப் பொருந்தாது. "எங்க அம்மாவுக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?" என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின். சர்க்கரை நோயாளி என்றால் தினமும் பாதத்தைப் பார்ப்பது. பெரியவர்களுக்குக் குனிய முடியாது, நீங்கள் பாருங்கள். செருப்பு கடித்த புண்ணைக்கூட 'ஆறிடும்' என்று விடக் கூடாது.

சமையலறையும் இதில் சேர்த்தி

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். அதில்தான் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், மரக்காணம் பக்கத்துக் கருவாடு எல்லாம் அடக்கம். அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகச் செய்தால் அது பத்தியச் சாப்பாடு, பத்து நாளில் அலுத்துவிடும். எல்லோருக்குமே உப்பைக் குறைத்துவிடுங்கள். ஒரு மாசத்தில் நாக்கு பழகிவிடும்.

"அரிசிதான் கெடுதல், கேழ்வரகுக் கூழும் சப்பாத்தியும் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று ஒரு நம்பிக்கை. அவையும் மாவுச்சத்துதான். சொம்பு நிறையக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எந்தத் தானியம் என்பதோடு எவ்வளவு என்பதும் கணக்கு. தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும்.

இந்த விஷயங்களில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ போட்டுவிட்டு, விரதம் என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். மெஷினில் 70-க்குக் கீழே காட்டும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருப்பதானால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை பி.பி.யையும் ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும். 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும்' என்கிற பொடிகளை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

"எங்களுக்கு நேரம் ஏதுங்க?"

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். விடியற்காலை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பிடித்து, இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர்களிடம் நேரம் இல்லைதான். ஆனால் கணக்குப் பாருங்கள். வாரம் பத்து நிமிஷம். ஒரு டி.வி. சீரியலின் விளம்பர இடைவேளை! கிட்னி கெட்டுவிட்டால் டயாலிசிஸ் பலருக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கூட ஒரு ஆள் துணைக்குப் போக வேண்டும். அந்த நேரம் அப்போது எங்கிருந்து வரும்?

"டாக்டர் பார்த்துக்க மாட்டாரா?" என்றும் கேட்கலாம். பார்ப்பார். நீங்கள் நோட்டைக் கொண்டுபோனால் இன்னும் நன்றாகப் பார்ப்பார். ஒரு நாள் எடுத்த ஒரு பி.பி.யை வைத்து மருந்தைக் கூட்டுவதைவிட, எட்டு வாரத்து எண்ணை வைத்து முடிவு செய்வது அவருக்கும் சுலபம், உங்கள் அப்பாவுக்கும் பத்திரம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணுவது நல்லதுதான். எத்தனை பேருக்கு எண் இறங்கியது என்பதையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எண்ணி, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். வீடு வீடாக நடக்கிற அந்தப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை. அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால், 'பிரைவேட்ல பாக்கறோம்' என்று அனுப்பாமல், ஒரு டம்ளர் மோர் கொடுத்துக் கையை நீட்டுங்கள்.

வராத வீடுகளில் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை இறக்கி, தேதி முடிந்த அட்டைகளையும் பட்டைகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, நோட்டில் முதல் வரியை எழுதுங்கள். முதலில் அம்மாவுடைய எண்ணை எழுதுங்களேன்!